வாசலுக்குப் போட உப்பில்லை

பெப்ரவரி 2, திங்கள்

ஒரு கோப்பைப் பனி உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும்? எனக்குத் தெரியாது. தாவரவியலில் பட்டம், இத்தனை வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை, இருந்தும் தெரியாது. பனிக்குள் எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொல்லலாம். பதில் தெரியாதவர்கள் சொல்கிற பதில் அது.

கேள்வி வந்த விதம்: காலையில் குசினிக்குள் போனால் இவர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுச் சூடெல்லாம் வெளியே. கையில் தேத்தண்ணிக் கோப்பை. கோப்பை நிறையப் பனி. கரண்டியால் அள்ளி வாய்க்குள்.

"என்ன செய்யிறியள்?"

"ஸ்னோ பாக்கிறன்."

"வாயாலையோ?"

"இது தண்ணியில்லையப்பா. காத்து. முழுக்கக் காத்து."

கோப்பையைப் பறித்து சிங்கில் கவிழ்த்தேன். குழந்தையிடம் பறிப்பதுபோல. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், முகம் போன போக்கைப் பார்த்தால்.

ஒரு நாளைக்கு அவர் குடிக்கக்கூடியது முக்கால் லீற்றர். சொதி, தேத்தண்ணி, குளிசை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம். திங்கள், புதன், வெள்ளி டயலிசிஸ். காலையில் ஆஸ்பத்திரி வாகனம் வந்து ஏற்றும், பின்னேரம் கொண்டுவந்து விடும். இந்த மூன்று வருடத்தில் அந்த வாகனம் பிந்தியிருக்கிறது. வராமல் விட்டதில்லை.

இன்று வரவில்லை. எப்படி வரும்? வெளியே தெருவே இல்லை. மதில், வேலி, நடைபாதை, கார் எல்லாம் ஒரே மேடு. எங்கள் காரை அதன் கண்ணாடிக் காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வாசற்படியில் கால் வைத்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை போனது. சப்பாத்துக்குள் பனி. லண்டன் முழுக்க பஸ் இல்லை என்று ரேடியோ. கிங்ஸ்பரிக்கு நாங்கள் வந்த பிறகு இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சத்தமில்லாமை. அதைச் சொல்ல வேண்டும். கீழே பெரிய தெருவின் இரைச்சல் எப்போதும் காதுக்குள் இருக்கும்; இருப்பதே தெரியாது. இன்று அது நின்றதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். வடிவு. மறுக்கவில்லை. வாகனம் வராது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரித் தாதி தொலைபேசியில்: பாதிப் பேர் வேலைக்கு வர முடியவில்லை, அவசரமானவர்களுக்கு மட்டும் இன்று. இவருக்கு நாளை மாலை ஷிப்ட். நாலு மணிக்கு வாகனம் வரும். அதுவரை தண்ணீர் கவனம், பொட்டாசியம் கவனம். கவனம், கவனம். அவள் குரலிலும் களைப்பு.

கடைசியாக இரத்தம் கழுவியது வெள்ளி. நாளை மாலை வரை நீண்ட இடைவெளி. தண்ணீர் கூடினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், பார்த்தால் தெரியும். பொட்டாசியம் கூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. இதயம் முன்னறிவித்தல் இல்லாமல் நின்றுவிடக்கூடும். இதை எனக்கு விளக்கியது டாக்டர் இல்லை, இவர்தான். அவருக்குத்தான் புத்தகம் தந்தார்கள்; வாசித்து எனக்குப் பாடம் எடுத்தார்.

ஆகாதவை: வாழைப்பழம், தோடம்பழம், இளநீர், தேங்காய்ப்பால், கீரை, முருங்கையிலை, தக்காளி, பலாக்கொட்டை. உருளைக்கிழங்கென்றால் இரண்டு தரம் அவித்து இரண்டு தரமும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். சுருக்கமாக, எங்கள் சாப்பாடு முழுக்க. உப்பும் இல்லை. உப்பிருந்தால் தாகம் வரும்.

அதனால் இன்னொரு கேவலம். தெரு முழுக்க எல்லோரும் வாசலில் உப்பை எறிகிறார்கள், பனி உருகட்டும் என்று. எங்கள் வீட்டில் எறிய ஒரு பிடி உப்பில்லை. இந்தத் தெருவில் உப்பில்லாத தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

குப்பை வாரும் தட்டால் பாதை வெட்டினேன். பிடி உடைந்தது. பிறகு கேக் வேகவைக்கும் தட்டு. அது வளைந்தது. முன்வீட்டு பிரையன், மனைவி போன பிறகு தனியாக இருக்கும் கிழவர், சொந்த மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அறிவுரை சொன்னார்: வெட்டாதே, வெட்டின இடத்தில் யாராவது விழுந்தால் வழக்குப் போடுவார்கள், வெட்டாமல் விட்டால் கடவுளின் குற்றம். சட்டம் அப்படியா என்று கேட்டேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். எல்லோரும் சொல்வதை நம்பும் வயதில் நான் இல்லை. வெட்டினேன். மதியம் போய்ப் பார்த்தால் மறுபடி மூடியிருக்கிறது.

மகள் லெஸ்டரிலிருந்து. "அம்மா, சோ பிரிட்டி! அப்பாவை ஸ்னோவுக்கை நிப்பாட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோவன்." டயலிசிஸ் தள்ளிப்போனதைச் சொல்லவில்லை. சொன்னால் ரெயில் இல்லாத நாளில் ரெயில் ஸ்டேசனில் போய் நிற்பாள்.

பின்னேரம் தொலைக்காட்சியில் வன்னி யுத்தம். சேறு, தறப்பாள் கூடாரம், ஓடும் சனம். இவருடைய ஒன்றுவிட்ட தங்கை அங்கே எங்கோ. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நான் அணைத்தேன். அவர் போட்டார். மறுபடி நான் அணைக்கவில்லை.

இரவுச் சாப்பாடு: சோறு, முட்டைக்கோவா வறை. தண்ணீர் அரைக் கோப்பை. பனிக்கு என்ன கணக்கு வைப்பதென்று தெரியாமல் கால் கோப்பை குறைத்தேன். அதற்கும் சண்டை.


பெப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். இவர் மெசினில். நித்திரை. ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. நேற்று மெத்தை, இன்று சீமெந்து. பள்ளிக்கூடம் இன்றும் மூடல். வானம் சுத்தமான நீலம். நம்ப முடியாத வெளிச்சம். இந்த ஊரில் வெயில் வருவதும் இப்படி எரிச்சலூட்டவென்றுதான்.

வாகனம் எங்கள் ஏற்றத்தில் ஏறுமா என்று பார்க்கவும், எங்காவது உப்பு வாங்கவும் பதினொரு மணிபோலக் கீழே இறங்கினேன். மதிலைப் பிடித்துப் பிடித்து. பெரிய தெருவில் ஒரு பஸ் போனது. கடையில் உப்பு முடிந்துவிட்டது. "கறிக்குப் போட ஒரு பைக்கற்றாவது இல்லையோ?" என்று கேட்டேன். கடைக்காரப் பெடியன் சிரித்தான். "அன்ரி, எல்லாச் சனமும் ரோட்டுக்குத்தான் கறி வைக்குது."

வெறுங்கையோடு ஏறி வந்தால் குசினியில் பரமேஸ் அக்கா. நாலு வீடு தள்ளி இருப்பவர், அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வருத்தக்காரி. சப்பாத்துக்கு மேலே கடைப் பை இரண்டைக் கட்டிக்கொண்டு பனியில் நடந்து வந்திருக்கிறார். பைகள் கதவடியில் உருகிக்கொண்டிருந்தன. மேசையில் மூடி கழற்றிய எவர்சில்வர் தூக்குச்சட்டி. இவருக்கு முன்னால் வெறும் கோப்பை. கோப்பையின் உட்புறம் பச்சை.

"வா சுகந்தி, வா. இஞ்சை பார், ரெண்டு கோப்பை குடிச்சவர். முகம் தெளிஞ்சிட்டுது, பாத்தியே?"

"என்னக்கா அது?"

"இலைக்கஞ்சி. இந்தக் குளிருக்கை மனுசன் ஆஸ்பத்திரிக்கும் போகேலாமல் கிடக்குதெண்டு கேள்விப்பட்டன். மனம் கேக்கேல்லை. ஃப்ரீசரிலை முருங்கையிலை கிடந்தது, ஸ்பினாச்சும் ஒரு கட்டுப் போட்டனான். முதற்பால் விட்டுக் காய்ச்சினது." பிறகு என் பக்கம் சரிந்து, இரகசியம் போல: "உப்பு ஒரு துளியும் போடேல்லை. எனக்குத் தெரியுந்தானே அவற்றை வருத்தம். நான் சரியான கவனம்."

கீரை, முருங்கையிலை, தேங்காய்ப்பால். ஆகாதவற்றில் முதல் வரிசையை எடுத்து ஒரே சட்டியில் போட்டு, உப்பை மட்டும் விட்டிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன்? "கவனமாப் போங்கோ அக்கா, வழுக்கும்" என்றேன். அவர் பைகளை மறுபடி காலில் கட்டிக்கொண்டு போகும் வரை சிரித்த முகம்.

கதவு மூடியதும் இவரிடம் திரும்பினேன்.

"அந்த மனுசி முழங்கால் நோவோடை சுமந்து வந்தது. வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வேண்டாமெண்டு."

"உமக்கு ஏலும். எனக்கு ஏலாது."

"முதல் கோப்பை மரியாதைக்கு. ரெண்டாவது?"

கோப்பையை எடுத்துக் கழுவப் போனார். அவர் கோப்பை கழுவுகிற ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சொன்னேன். தாதி, எவ்வளவு குடித்தார் என்று கேட்டாள். நாலு மணி வாகனம் நிச்சயம் வரும், கால் சோர்ந்தால், நெஞ்சு படபடத்தால் அவசர எண்ணுக்கு அடி, காத்திருக்காதே என்றாள். அதன் பிறகு மணிக்கூட்டையும் அவருடைய காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ரை காலை என்ன பாக்கிறீர்? பாம்போ கிடக்குது?" என்றார்.

நாலுக்குச் சற்று முன் வாகனச் சாரதி தொலைபேசியில். ஏற்றத்தின் அடியில் நிற்கிறேன், சில்லு வெறுமனே சுற்றுகிறது, ஏறாது, ஆளைக் கீழே கூட்டி வர முடியுமா? முடியும் என்றேன். கோட், குல்லா, மப்ளர், அவருடைய ஆஸ்பத்திரிப் பை. கேற் வரைக்கும் நடந்தார். கேற்றைப் பிடித்தார். "சுகந்தி, கால் பஞ்சு மாதிரிக் கிடக்குது" என்றார். கேற்றடிப் படியிலேயே இருந்துவிட்டார்.

அவசர எண். அனுப்புகிறோம், தெருக்கள் மோசம், பிந்தலாம். சாரதிக்கு எடுத்தேன், அவர் அடுத்த நோயாளிக்குப் போக வேண்டும் என்றார். பிழை சொல்ல முடியாது. யாரிலும் பிழை சொல்ல முடியாத நாள். அதுதான் இன்னும் ஆத்திரம்.

அப்போது ரவி. இவருடைய சித்தப்பா மகன். சுவிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று இங்கே வந்து ஸ்ட்ரெதமில் கடை வைத்திருப்பவன். ஊருக்குள் சுவிஸ் ரவி. நேற்று இவர் தொலைபேசியில் ஏதோ சொல்லியிருக்கிறார், அதை வைத்துக்கொண்டு நகரத்தைக் குறுக்கே கடந்து, கடைக்குச் சாமான் ஏற்றும் வானில் வந்திருக்கிறான். பெரிய தெருவிலிருந்து வேகமெடுத்து ஏறி, எங்கள் வீட்டைத் தொடப் போகும் நேரத்தில் வான் மெதுவாக, மிக மரியாதையாக, பக்கவாட்டில் திரும்பி பிரையனின் மதிலில் போய்ச் சாய்ந்தது.

இறங்கியவுடன்: "மச்சாள், உது ஸ்னோவே? சுவிஸிலை உதை நாங்கள் ஸ்னோவெண்டே சொல்றேல்லை. உதுக்கே லண்டன் படுத்திட்டுது?"

"உம்மடை வானும் படுத்திட்டுது."

"அது ரயர் மச்சாள். பனிக்குப் போடுற வின்ரர் ரயர் இல்லை."

"சுவிஸ்காரனிட்டை வின்ரர் ரயர் இல்லையோ?"

"வித்திட்டு வந்தனான். லண்டனிலை ஆருக்கு வேணும் எண்டு."

படியில் இருந்த இவர், முகம் சாம்பல் நிறம், அந்த நிலையிலும்: "டேய், மதிலுக்கு பிரையன் வழக்குப் போடுவான்ரா."

நான் கத்தினேன். பொதுவாகக் கத்துவதில்லை. "அவருக்கு நெஞ்சு நிண்டிடுமடா! ரெண்டு பேரும் பகிடி விடுறியள்!"

ரவி இவரைப் பார்த்தான். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு வானின் பின்கதவைத் திறந்தான். பேக்கரியிலிருந்து கடைக்குப் பாண் வரும் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இழுத்து எடுத்தான். அகலமானது, ஓரம் உயர்ந்தது. "கயிறு?" என்றான். வீட்டுக்குள் ஓடி, உடுப்புக் காயப்போடும் கொடியைக் கத்தரித்துக் கொண்டுவந்தேன்.

"அண்ணை, ஏறுங்கோ."

"உதிலையோ? எனக்கென்ன விசரே?"

"சுவிஸிலை பிள்ளையள் உப்பிடித்தான் பள்ளிக்கூடம் போறது."

"பொய்."

"பொய்தான். ஏறுங்கோ."

ஏறினார். முழங்காலை மடித்து, பையை மடியில் வைத்து, கம்பளியால் சுற்றி. இறக்கம் என்பதால் இழுக்கத் தேவையில்லை, பிடித்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். ரவி பின்னால் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு. நான் பக்கத்தில், மதில் மதிலாக. பிரையன் தன் மதிலில் சாய்ந்திருக்கும் வானைப் பார்த்தார், பாண் தட்டில் இருக்கும் மனிதரைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கி, கால் வைக்கும் இடமெல்லாம் பனியைக் கொத்திக்கொண்டே போனார். யன்னல்களில் முகங்கள். யாரோ ஒரு பிள்ளை கைதட்டியது.

பாதியில் ரவி விழுந்தான். கயிறு கையிலிருந்து உருவிப் போனது. தட்டு தானாகப் போகத் தொடங்கியது.

எவ்வளவு தூரம் என்று தெரியாது. நாலைந்து வீடு இருக்கும். நான் வாய் திறந்தபடி நின்றேன். குல்லா ஒரு பக்கம் பறந்தது. பிரையன் விலகினார். தட்டு யாரோ ஒதுக்கி வைத்த பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. நான் வழுக்கி, குந்தி, சறுக்கி, எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அவர் குவியலுக்குள் பாதி புதைந்து கிடந்தார். தோள் குலுங்குகிறது. முடிந்தது என்று நினைத்தேன்.

சிரிக்கிறார். சத்தம் வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "இன்னொருக்காப் போவமே?" என்றார்.

இந்த மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

ஏற்றத்தின் அடியில் அம்புலன்ஸ். அப்போதுதான் வந்திருக்கிறது, இரண்டு பேர் தூக்குக் கதிரையோடு ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் இளையவர் தட்டைப் பார்த்து, அதுவும் கூட வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ரவி அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான், அம்புலன்ஸ் திரும்பும் வரை.

இங்கே வந்ததும் நெஞ்சில் வயர்கள், ஊசி. இளம் டாக்டர் இதயத் துடிப்புத் தாளைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தார். அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உடனே மெசின். இன்னும் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மெசின் ஓடுகிறது. என் சாரி விளிம்பெல்லாம் ஈரம். பனிக்குள் சாரியோடு ஏன் போனேன்? மாற்ற நேரமிருந்ததா? தெரியாது.


பெப்ரவரி 4, புதன்

இதயம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். காலையில் பஸ்ஸில் வந்தேன். பஸ் முழுக்கப் பனிக்கதை. ஒருவர் வேலைக்குப் போக எவ்வளவு தூரம் நடந்தார், இன்னொருவர் அதைவிட எவ்வளவு தூரம். தெருவோரப் பனி இப்போதே கறுப்பு. வெள்ளையாக இருந்தது ஒன்றரை நாள். அதற்குத்தான் இத்தனை ஆரவாரம்.

கட்டில் பக்கத்தில் இருந்தேன். கேட்கக் கூடாது என்று வந்தேன், கேட்டேன்.

"தெரிஞ்சுதான் குடிச்சனீங்களோ?"

"முருங்கையிலையிலை என்ன கிடக்குதெண்டு உமக்குச் சொல்லித் தந்ததே நான்தான்."

"அப்ப?"

"முதல் கோப்பை குடிக்கேக்கை யோசிச்சனான். ரெண்டாவதுக்கு யோசிக்கேல்லை. ருசியா இருந்தது. அவ்வளவுதான்."

யன்னலைப் பார்த்தார். வெளியே கூரையிலிருந்து பனி கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு, சோறு வேண்டாம் என்று சொல்கிற அதே குரலில்:

"வாற வெள்ளிக்கிழமை நான் போகேல்லை."

"எங்கை?"

"மெசினுக்கு. போதும்."

கட்டில் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்குள் செருகினேன்.

"நாலு மணித்தியாலம் அதிலை கிடக்கிறது உயிரோடை இருக்கவெண்டு. சரி. உயிரோடை வீட்டை வந்து என்ன செய்யிறன்? அடுத்த முறை வாகனம் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறன். நீர் தண்ணியை அளக்கிறீர். நான் உம்மடை முகத்தை அளக்கிறன். இதுக்கே?"

"டாக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லை. நீரும் சொல்லாதேயும். வெள்ளிக்கிழமை வாகனம் வந்தால் திருப்பி அனுப்பிவிடும்."

"நான் அனுப்பமாட்டன். வேண்டாமெண்டால் நீங்களே வாசலுக்கு வந்து சொல்லுங்கோ."

"சரி. நான் சொல்லுறன்."

அத்துடன் பேச்சு முடிந்தது. வேறு பெண்கள் அழுதிருப்பார்கள், காலில் விழுந்திருப்பார்கள், மகளைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் பிடியைக் கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவழித்தேன். மறுபக்கத்தில் இருந்தது.

மகளுக்குச் சொல்லவில்லை. சொல்வதா? அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அது முடிவாகிவிடும் போலத் தோன்றுகிறது. மூடநம்பிக்கை. தெரிகிறது. சொல்லவில்லை.


பெப்ரவரி 5, வியாழன்

பதினொரு மணிக்கு வீடு. ரவி கூட்டி வந்தான். வான் நேற்றே மதிலிலிருந்து கிளம்பிவிட்டது, பிரையனும் அவனும் தள்ளியிருக்கிறார்கள். பிரையன் வழக்குப் போடவில்லை. ஒரு பெட்டி பியர் கேட்டாராம். இனித் திரும்பவும் பனி வரும் என்று ரேடியோ. இங்கே வெறும் ஆலங்கட்டி மழை. தெரு முழுக்கச் சாம்பல் கஞ்சி.

வீட்டுக்குள் வந்தால் மேசையில் பரமேஸ் அக்காவின் தூக்குச்சட்டி. செவ்வாய்க்கிழமை விட்ட இடத்தில், அடியில் பச்சை காய்ந்தபடி. ஊறவைத்து, தேய்த்துக் கழுவினேன். தேவைக்கு மேலே தேய்த்தேன்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் இல்லை, அவர் வீட்டில் இல்லை, எனக்குத் தெரிந்த எவர் வீட்டிலும் இல்லை. ஒரு பிடி சீனியாவது, நாலு பிஸ்கட்டாவது உள்ளே இருக்கும். சீனி டப்பாவை எடுத்தேன். திறந்தேன். மூடி வைத்தேன். வெறும் சட்டியைக் கொண்டு போனேன்.

"அண்ணைக்கு எப்பிடி?" கதவு திறந்ததும் இதுதான். "அம்புலன்ஸ் வந்ததெண்டு கேட்டன். நெஞ்சு பதறிப்போச்சு. முழங்கால் ஏலாமல் வரேல்லை, கோவிக்காதை. இண்டைக்குப் பின்னேரம் இன்னும் கொஞ்சம் கஞ்சி காய்ச்சட்டே?"

பேசிக்கொண்டே பழக்கத்தில் சட்டியின் மூடியைத் திறந்தார். பார்த்தார். மறுபடி மூடினார்.

இவர் சொல்லியிருந்தார், பரமேஸ் அக்காவுக்கு ஒன்றும் சொல்லாதேயும் என்று. ஆனால் இன்றைக்குக் கஞ்சி, நாளைக்கு இளநீர்.

"அக்கா, அதாலைதான் அம்புலன்ஸ் வந்தது."

"எதாலை?"

"கீரையும் தேங்காய்ப்பாலும் அவருக்கு ஆகாது. முருங்கையிலை துப்பரவாக் கூடாது. இதயத்தை நிப்பாட்டிவிடும். இனிக் கொண்டு வராதேங்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அமிலப் போத்தலைப் பிள்ளைகளுக்குக் காட்டும் குரலில் சொன்னேன். அது அதைவிட மோசம் என்று பிறகு தெரிந்தது.

"நான் உப்புப் போடேல்லையே, சுகந்தி."

"தெரியும் அக்கா."

"ஒரு துளியும் போடேல்லை."

வெறும் சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் வழுக்காமல் நடந்து வந்தேன். திரும்பிப் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன? முகம் தெளிந்தது உண்மைதான் என்றா? உண்மையில் தெளிந்துதான் இருந்தது.

இவர் தொலைக்காட்சிக்கு முன்னால். வன்னி. ரவி பக்கத்தில் இருந்து சுவிஸில் எத்தனை ஊர்வலம் நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான், இவர் கேட்கவில்லை. தங்கையிடமிருந்து செய்தி இல்லை.

டயலிசிஸுக்கு முதல் நாள் பின்னேரம் அவர் தன் பையைத் தானே அடுக்குவார். கம்பளி, சின்ன ரேடியோ, வாசிக்கும் கண்ணாடி, மிட்டாய் இரண்டு. மூன்று வருடமாக நான் அந்தப் பையைத் தொட்டதில்லை, தொட விடமாட்டார். இன்று பை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபடி கதவடியில் கிடக்கிறது. கம்பளி கதிரை முதுகில். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் அடுக்கவில்லை. இரண்டு தரம் அந்தப் பக்கத்தால் போனேன், இரண்டு தரமும் வேறு வேலை இருப்பதுபோல் திரும்பினேன்.

தண்ணீர் கேட்டார். அளக்காமல் கொடுத்தேன். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்தார்.

நாளை ஏழு மணிக்கு வாகனம். என்ன செய்வார் என்று தெரியாது. கேட்கப்போவதில்லை. டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நூறு தரம் தோன்றியது. எடுக்கவில்லை. இது சரியா? மற்றவர்களுக்கு இது நடந்தால் எடு என்று சொல்லியிருப்பேன்.


பெப்ரவரி 6, வெள்ளி

மழை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு எழும்பினேன். அவர் கட்டிலில் இல்லை. குளியலறையில் வெளிச்சம். கீழே வந்து தேத்தண்ணி போட்டேன், ஒருவருக்கு. பிறகு இன்னொன்று. ஏழு ஆகியது. வாகனம் இல்லை. ஏழரை. இல்லை. அவர் கீழே வந்த சத்தம் கேட்டது; முன்கதவு திறந்து மூடும் சத்தம். குசினியை விட்டு நகரவில்லை. சாரதியிடம் சொல்லி அனுப்பப் போகிறார், அதை நான் கேட்கத் தேவையில்லை என்று சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கழுவிய சட்டி.

எட்டுக்கு ஹோர்ன். தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன். வெளியே இவர் குரல், அவருடைய உரத்த இங்கிலிஷ்:

"வட் ரைம் இஸ் திஸ்? செவின் ஓ குளொக் எண்டு சொன்னால் செவின் ஓ குளொக்! ஹவ் லோங் ஐ ஆம் ஸ்ராண்டிங் ஹியர்?"

போய்ப் பார்த்தேன். கோட் போட்டு, சப்பாத்துப் போட்டு, மழைக்குள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரை மணித்தியாலம் அங்கேயே நின்றிருக்கிறார். சாரதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டுத் தானே ஏறினார். உள்ளே இருந்தும் திட்டுவது கேட்டது. கதவு மூடப்பட்டது. என் பக்கம் பார்த்ததாகத் தெரியவில்லை.

பையைக் காணவில்லை, கொண்டு போயிருக்கிறார். கம்பளி கதிரையில். எடுத்துக்கொண்டு செருப்போடு ஓடினேன். கேற்றடிச் சேற்றில் ஒரு செருப்பு சிக்கியது. வாகனம் இறக்கத்தில் திரும்பிவிட்டது.

மெசினில் கிடந்தால் அவருக்குக் குளிரும். அடுத்த பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.